நீலாவதியின் புதன்கிழமை

விருத்தாசலத்தில் ஒரு வீட்டில் இன்று ராத்திரி என்ன சாப்பாடு என்று தெரிந்துகொள்ள அடுப்படி வரைக்கும் போக வேண்டியதில்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தால் போதும். அரிசி இருக்கிறதா, காய் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் இன்று என்ன கிழமை, அந்தக் கிழமை யாருக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டும். நிலத்துக்குப் பட்டா இருக்கிற மாதிரி இங்கே கிழமைக்கும் பட்டா உண்டு. நிலத்துப் பட்டாவையாவது தாலுகா ஆபீசில் யாரையாவது பிடித்து மாற்றிவிடலாம். கிழமைப் பட்டாவை மாற்ற ஆபீசே கிடையாது.

நீலாவதியின் வீட்டில் ஏழு கிழமையில் ஆறுக்கு ஆள் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது புதன். அதைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

நீலாவதிக்கு ஐம்பது நெருங்குகிறது. பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை. வீட்டு மின்பெட்டியில் வெள்ளையாக ஒரு பியூஸ் கட்டை செருகியிருப்பார்களே, அது அச்சிலிருந்து வந்து காயும்போது ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறைத் தட்டி, ஈர ஸ்பாஞ்சால் வழித்து, பலகையில் வரிசையாக அடுக்குவது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருப்பாள். கையைக் கழுவுவாள், அந்தக் கையோடேயே அடுப்பைப் பற்றவைப்பாள். இடையில் ஒரு டீக்கு நேரம் உண்டு என்று வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். அந்த டீயை எல்லாருக்கும் அவள்தான் போடுகிறாள்.

பிறந்தது புவனகிரிக்குக் கிழக்கே, கடல்காற்று வரும் ஊர். கட்டிக்கொடுத்தது கடலே பார்க்காத ஊரில். அவள் அதற்காக யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை, ஊட்டி கொடைக்கானல் கேட்டதில்லை. அவள் கேட்டதெல்லாம் வாரத்தில் ஒரு ராத்திரி கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, புளி தூக்கலாக, சட்டியில் எண்ணெய் மிதக்க. அதுவும் கேட்கவில்லை, தானே வாங்கி, தானே அலசி, தானே வைத்துக்கொள்வாள். அதற்கு ஒரு கிழமை காலியாக இருந்தால் போதும்.

கிழமைகள் எப்படிப் போயின என்று சொன்னால் அந்தக் குடும்பத்தின் சரித்திரமே வந்துவிடும்.

திங்கள் போனது மகள் கயல்விழியால். நர்சிங் படிக்கும்போது ஒரு பாடம் அவளை விடாமல் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. பாஸானால் திங்கள்தோறும் இந்த வீட்டில் கவுச்சி கிடையாது என்று பழமலைநாதருக்கு நேர்ந்துகொண்டாள். பாஸானாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகித் திட்டக்குடிக்கும் போய்விட்டாள். அங்கே திங்கட்கிழமை ஏரி மீன் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் போட்டோ வேறு அனுப்புகிறாள். இங்கே திங்கள் இன்னும் சைவம்தான். நேர்ந்துகொண்டவள் காலி பண்ணிப் போய்விட்டாள், நேர்த்திக்கடன் வாடகை கொடுக்காமல் இங்கேயே குடியிருக்கிறது.

செவ்வாய் போனது வீட்டுக்காரர் மாணிக்கவேலால். மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். மணிமுத்தாற்றுப் பாலத்தில் மொபெட்டோடு விழுந்து முழங்கால் சிராய்ப்போடு எழுந்தார். கொளஞ்சியப்பர் காப்பாற்றினார் என்பது அவர் கட்சி. பிரேக் கட்டையை மாற்றச் சொல்லி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மெக்கானிக் கட்சி. கொளஞ்சியப்பருக்குச் செவ்வாய் கிடைத்தது. மெக்கானிக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

வியாழன் மருமகள் சிவசங்கரியுடையது. குழந்தைக்காகத் தட்சிணாமூர்த்திக்கு நேர்ந்தது. குழந்தை நிலவன் பிறந்து, நடந்து, இப்போது ரிமோட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். நன்றிக்காக வியாழன் தொடர்கிறது. வெள்ளி யாருடையதும் இல்லை, அதனால் எல்லாருடையதும். அன்றைக்கு முட்டை என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. சனி மகன் சேரனுடையது, ஏழரை நடக்கிறது. ஞாயிறு சாமிகளுக்கு லீவு, அன்றைக்கு மாணிக்கவேல்தான் சாமி. காலையிலேயே பிராய்லர் கடைக்குப் போய் நின்று, கோழியோடு வருவார். கோழிக் குழம்பு இருக்கிற வீட்டில் கருவாட்டு வாசனை வந்தால் கோழிக்கு மரியாதை இல்லை என்பது அவர் சித்தாந்தம்.

இது போக அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம். கிழமையெல்லாம் பார்க்காமல் திடீரென்று வந்து வண்டியை மறிக்கும் பறக்கும் படை.

புதன் மட்டும் யாருக்கும் வேண்டாத புறம்போக்காகக் கிடந்தது. அதில்தான் நீலாவதி வருஷக்கணக்காகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். புதன் ராத்திரி கருவாடு. மாணிக்கவேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்குவார். சேரன் சட்டியை வழிப்பான். சிவசங்கரிக்குக் கருவாடு ஆகாது. தயிர்ச்சோறும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு தொட்டில் பக்கம் போய்விடுவாள். யாருக்கும் சண்டையில்லை.

அந்த வீட்டில் வாரச் சாப்பாட்டுத் திட்டம் ஞாயிறு ராத்திரி போடப்படும். கோழி எலும்பு தட்டில் இருக்கும்போதே மாணிக்கவேல் ஆரம்பித்துவிடுவார். நாளைக்கு ரவை உப்புமா, நாளன்னிக்குச் சாம்பார் வெச்சிடு, வியாழக்கிழமை சப்பாத்தி, இந்த வாரம் வெள்ளிக்கிழமை கிருத்திகை வேற வருது என்று வாரம் முழுவதையும் தராசில் வைத்து நிறுத்துக் கொடுத்துவிடுவார். திட்டம் போடுவது அவர், சமைப்பது அவள். நாட்டில் பெரிய பெரிய திட்டமெல்லாம் இப்படித்தான் நடக்கிறது என்பதால் இதில் யாரும் தப்புக் கண்டுபிடித்ததில்லை. புதன் வரும்போது மட்டும் அவர் ஒரு விநாடி நிறுத்துவார். நீலாவதி, "அது இருக்கட்டும்" என்பாள். அவர் வியாழனுக்குத் தாவிவிடுவார்.

தொல்லை வந்தது சேரனின் வேலையால். அவனும் தொழிற்பேட்டையில்தான் இருந்தான், வேறொரு கம்பெனியில், சூளையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஆர்டர் குறைந்தது, சூளை நின்றது, கூப்பிடும்போது வா என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் இருந்தான். வேலையில்லாத மகன் இருக்கிற வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவன் இன்னொரு கரண்டி சோறு கேட்காமல் எழுந்துவிடுவான். அப்பா அதைப் பார்க்காத மாதிரி இருப்பார். அம்மா கேட்காமலேயே போட்டுவிடுவாள். சிவசங்கரி ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மாசி மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியிலிருந்து நேரில் வரச் சொல்லி சேரனுக்குப் போன் வந்தது. வியாழக்கிழமை காலை. மாணிக்கவேல் உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு வேப்பூர் போனார். அங்கே ஹைவே ஓரத்தில் ஒரு ஜோசியர். லாரிக்காரர்களுக்கும் பஸ்காரர்களுக்கும் பார்த்துப் பழகியவர் என்பதால் சட்டென்று சொல்லி முடித்துவிடுவார். பையனுக்குப் புதன் சரியில்லை என்றார். புதன்கிழமை வீட்டில் கவுச்சி ஆகாது, ராத்திரி பச்சைப்பயறு வேகவைத்துப் படைத்துவிட்டு எல்லாரும் அதையே சாப்பிட வேண்டும், வேலை கிடைக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது என்றார்.

அந்த ஞாயிறு ராத்திரி திட்டத்தில் மாணிக்கவேல் புதன் வந்ததும் நிறுத்தவில்லை. அதே குரலில், அதே வேகத்தில், புதன்கிழமை பச்சைப்பயறு என்று சொல்லிவிட்டு வியாழனுக்குப் போனார்.

நீலாவதி கையில் இருந்த சோற்றை உருட்டியபடியே கேட்டாள். "புதன்கிழம என்னா சொன்னீங்க?"

அவர் வேப்பூர் விவரத்தைச் சொன்னார். சொல்லி முடித்து, இதில் பேச என்ன இருக்கிறது என்கிற மாதிரி எலும்பைக் கடித்தார். அவள், பயறு வைக்கிறதானால் வையுங்கள், நான் கருவாடு வைப்பேன் என்றாள். இரண்டும் ஒரே வீட்டில் ஆகாது என்றார். ஆகும், கூடத்தில் ஒன்று அடுப்படியில் ஒன்று என்றாள். ஜோசியர் வீடு என்றுதான் சொன்னாரே தவிரக் கூடம், அடுப்படி என்று பிரித்துச் சொல்லவில்லை என்றார். அப்போது ஜோசியரையே வந்து சமைக்கச் சொல்லுங்கள் என்றாள். சிவசங்கரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சேரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் மாணிக்கவேல் கடைசி எடைக்கல்லை எடுத்து வைத்தார்.

"பையன் பொழப்பு பெருசா, உன் நாக்கு பெருசா? நீயே சொல்லு நீலா."

இதற்குப் பதில் சொல்ல எந்தத் தாயாலும் முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். நீலாவதி எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாணிக்கவேல் ஜெயித்துவிட்டதாக நினைத்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். கடலூரிலிருந்து பஸ்ஸில் கூடை கொண்டுவந்து அங்கே கருவாடு விற்கும் பூவாயி, நீலாவதிக்குப் பல வருஷப் பழக்கம். கூடைக்கு எதிரில் குந்திக்கொண்டு வாளைக் கருவாட்டைப் புரட்டிப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னாள். பூவாயி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும், இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சிரித்தாள்.

அவள் சொன்ன யோசனையில் குற்றமே கண்டுபிடிக்க முடியாது. அந்த வீட்டில் ஆசைக்கு மதிப்பில்லை, நேர்த்திக்கு மதிப்புண்டு. அப்போது நீயும் நேர்ந்துகொள். கனவில் முனியன் வந்தான், புதன்கிழமை கருவாடு கேட்டான் என்று சொல்லு. எங்கள் பக்கமெல்லாம் முனியனுக்குக் கருவாடு போட்டுத்தானே படைக்கிறோம்? சாமி கேட்டால் உன் வீட்டுக்காரர் வாயைத் திறப்பாரா? அவரே வந்து என்னிடம் வாங்கிக்கொண்டு போவார்.

நிச்சயம் பலிக்கும். நீலாவதிக்கும் அது தெரிந்தது. இன்னும் சொல்லப்போனால் மாணிக்கவேல் பயத்தில் சுருட்டும் சேர்த்து வாங்கி வருவார். கயல்விழியின் திங்கள் அவள் போன பிறகும் நிற்கிற மாதிரி, நீலாவதியின் புதன் அவளுக்குப் பிறகும் அந்த வீட்டில் நின்றுவிடும். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

அவள் கையிலிருந்த வாளைத் துண்டைக் கூடையில் வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாண்டி. சாமிக்குன்னு சொல்லிட்டா கருவாடு சாமியோடது ஆயிடும். அப்பறம் எனக்குன்னு இன்னா இருக்குது?"

"அட, வாயில போறது ஒனக்குத்தான?"

"வாயில போறது எனக்குத்தான். ஆனா எனக்கு வேணும்னு ஒரு வார்த்த அந்த வூட்ல சொல்லணும். அது வரைக்கும் எறங்காது."

பூவாயி இதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவளுக்கு வியாபாரம் நடந்தால் சரி. நல்ல வாளையாக நான்கு துண்டு பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் நீலாவதி வழக்கம் போலக் கை கழுவினாள், டீ போட்டாள், கருவாட்டை வெந்நீரில் போட்டு ஊறவைத்தாள். கதவைச் சாத்தவில்லை, ஜன்னலை மூடவில்லை, எதையும் ஒளிக்கவில்லை. புளிக்கரைசல் கொதிக்க ஆரம்பித்ததும் தெரு முனை வரைக்கும் செய்தி போய்விட்டது. கருவாட்டுக் குழம்பை ரகசியமாக வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

மாணிக்கவேல் கமிட்டியிலிருந்து வந்து செருப்பை விடும்போதே மூக்கு சொல்லிவிட்டது. அடுப்படி வாசலில் வந்து நின்றார். நாளைக்குப் பையன் போக வேண்டியது என்று மட்டும் சொன்னார். தெரியும், அவன் சட்டையை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறேன் என்றாள் அவள். அவர் கூடத்துக்குப் போய் மருமகளிடம், நீயாவது கொஞ்சம் பயறு வேகவையம்மா என்றார். சிவசங்கரி மாமனாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அவளுக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது. அதனால் அவள் தன் பக்கம்தான் என்று மாணிக்கவேல் கணக்குப் போட்டிருந்தார்.

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே சொன்னாள். "மாமா, என்னால ஒரு வியாழக்கிழமையதான் தூக்க முடியும். புதன்கிழமையும் சேத்துத் தூக்கச் சொல்லாதீங்க."

மாணிக்கவேல் மகனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஓட்டலில் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டார்கள். சாம்பார் ஊற்றிய கரண்டி அதற்கு முன்னால் பக்கத்து டேபிளில் மீன்குழம்பு ஊற்றிவிட்டு வந்தது. மாணிக்கவேல் அதைப் பார்க்கவில்லை. புதன் பகவான் பார்த்தாரா என்பது வேப்பூர்க்காரருக்குத்தான் தெரியும்.

வீட்டில் நீலாவதி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு ஆள், ஒரு சட்டி. சாதாரணமாக எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள், அன்று பாய் போட்டு, விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ருசியாக இருந்ததா என்றால், பாதிக்கு மேல் இறங்கவில்லை. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. மிச்சத்தை மறுநாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பிசிறு தட்டுகிற பெண்களோடு பங்கு போட்டாள்.

சேரன் போனான், வந்தான். சனிக்கிழமை போன் வந்தது. இல்லை என்றுவிட்டார்கள். ஐடிஐ சர்டிபிகேட் இருக்கிறவனை எடுத்துக்கொண்டார்களாம். சேரன் பத்தாவதோடு நின்றவன்.

சனிக்கிழமை ஏழரைக்குச் சொந்தம் என்பதாலோ என்னவோ, மாணிக்கவேல் அன்று வாயை அடக்கிக்கொண்டார். ராத்திரி மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சேரன் வந்து நின்றான். கிரைண்டர் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்று நம்பிக் கேட்டான். "ம்மா. ஒருவேள நெசமாவே அதனாலதான் போயிருந்தா?"

வீட்டுக்காரர் கேட்டது வலிக்கவில்லை. இது வலித்தது. அவனுக்கு இரண்டு வயதில் நிமோனியா வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவள் அவள். கிரைண்டரை நிறுத்திவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"அம்மா கருவாடு தின்னதுக்குப் போற வேல, அந்த மேனேஜரு தும்முனாக்கூடப் போயிருக்கும்டா. அப்படியாப்பட்ட வேல ஒனக்கு எதுக்கு?"

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. அவன் போன பிறகு அவள் மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போயிருந்தால் என்ற அந்தச் சொல் அவள் மனதிலும் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. உட்காரவில்லை என்று சொன்னால் அது பொய். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, கிழமைக்கும் கிரகத்துக்கும் பயப்படாமல் இருக்க யாராலும் முடியாது. பயந்துகொண்டே என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

ஞாயிறு வந்தது. கோழி வந்தது. ராத்திரி எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாணிக்கவேல் திட்டத்தை ஆரம்பிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், கிடைக்கிற வேலையை நாக்கு தின்றுவிட்டது என்றார். யாருடைய நாக்கு என்று சொல்லவில்லை. அப்புறம் அதையே இன்னொரு தரம் சொன்னார். மூன்றாவது தரம் ஆரம்பிக்கும்போது நீலாவதி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் தட்டில் கோழி அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். சூள நின்னு இவன வூட்டுக்கு அனுப்புனாங்களே, அது எந்த மாசம்?"

சேரன் மெதுவாக, புரட்டாசி என்றான்.

"புரட்டாசி. அந்த மாசம் பூரா இந்த வூட்ல ஒரு முட்டையாவது ஒடஞ்சிதா? கருவாடு வந்துதா? கோழி வந்துதா? பெருமாளுக்குன்னு எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தோம். அப்பத்தான் இவன் வேல போச்சி. அதுக்கு யாரு நாக்கு காரணம்? பெருமாள் நாக்கா?"

மாணிக்கவேல், சாமியை இழுக்காதே என்றார். இத்தனை நாளாக இழுத்தது யார் என்று அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். சிவசங்கரி நிலவன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி அதை நிறுத்தினாள். எந்தப் பக்கமும் சேராமல் ஒரு மருமகள் செய்யக்கூடிய அதிகபட்ச உதவி அது.

நீலாவதி மேலும் சொன்னாள். திங்கட்கிழமை கயல்விழிக்காக இருக்கிறேன், அவளே இல்லாத போதும் இருக்கிறேன். செவ்வாய் உங்களுக்காக. வியாழன் இந்தப் பெண்ணுக்காக. சனி இவனுக்காக. ஞாயிறு உங்கள் கோழிக்காக. யாராவது ஒருநாள் என்னைக் கேட்டீர்களா, உனக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று? கேட்க வேண்டாம். கேட்காமல் இருந்ததால்தான் நானே ஒரு நாளை எடுத்துக்கொண்டேன்.

"எந்தச் சாமியும் என்னக் கேக்கல. கனவுல யாரும் வரல. எனக்குப் புடிக்கும், எனக்கு வேணும், அதான் வெக்கறேன். வர்ற புதங்கெழமையும் கருவாடுதான். பயறு வேணும்ங்கறவங்க வேக வெச்சிக்குங்க. அடுப்புல ரெண்டு பர்னரு இருக்குது."

பிறகு தட்டிலிருந்த கோழியைச் சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி.

மாணிக்கவேல், தராசில் எதுவும் மிச்சமில்லாத ஆள் மாதிரி, நாளைக்கு உப்புமாவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்குமேல் அந்த வாரத் திட்டம் போடப்படவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு ஞாயிறு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஆனாலும் அந்த வாரம் யாரும் பசியோடு படுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பூவாயியின் கூடைக்கு முன்னால் குந்தியபோது நீலாவதியின் கை ஒரு நிமிஷம் தயங்கியது. மங்கலம்பேட்டையில் ஒரு ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு வேலைக்குச் சேரன் சொல்லி வைத்திருந்தான். அந்த ஏஜென்ட் இந்த வாரம் பதில் சொல்லுவதாகச் சொல்லியிருந்தான். வாளையை எடுத்தாள், வைத்தாள். பூவாயி, வேண்டாமென்றால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளேன், நானா ஓடிப்போகிறேன் என்றாள். நீலாவதி அவளை முறைத்துவிட்டு, போன தரம் கொடுத்ததைவிட இரண்டு துண்டு கூடப் போடச் சொன்னாள்.

புதன்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது அடுப்படியில் மாணிக்கவேல் நின்றுகொண்டிருந்தார். கமிட்டியில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். காலையிலேயே பச்சைப்பயறு ஊறப்போட்டிருந்தார், ஊர்க் கோயில் சுண்டலுக்கு ஆகிற அளவுக்கு. அது ஊறிப் பெருகிப் பாத்திரத்தை விட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. இடப்பக்க பர்னரில் குக்கரை வைத்துவிட்டு, அதற்கு எதிரில், பாலம் பார்த்த மொபெட் மாதிரி நின்றார். கூப்பிட்டால் சிவசங்கரி வருவாள். கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. சேரன் வாசலில் போனோடு உட்கார்ந்திருந்தான்.

நீலாவதி அவரைத் தாண்டி உள்ளே போனாள். கை கழுவினாள். டீ போடவில்லை. வலப்பக்க பர்னரில் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினாள். இரண்டு பேரும் முழங்கை இடிக்காமல் நிற்பதற்கு அந்த அடுப்படி போதாது. இடித்துக்கொண்டே நின்றார்கள். கடுகு வெடித்தது, வெங்காயம் போட்டாள்.

மாணிக்கவேல் குக்கருக்குள் பார்த்தபடியே, தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று குக்கரைக் கேட்டார்.

"முங்கற அளவுக்கு மேல ரெண்டு வெரக்கடை" என்றாள் நீலாவதி, சட்டியைப் பார்த்தபடியே. உப்பு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உப்பில்லாமலேயே மூடினார்.

புளி கொதித்தது. கருவாட்டை ஒவ்வொரு துண்டாக இறக்கினாள். குக்கர் ஒரு விசில் விட்டது. வாசனை எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும் முன்னால் மாணிக்கவேலைச் சுற்றிக்கொண்டது. அவர் துண்டால் மூக்கை மூடினார்.

"உன் கருவாட்டு நாத்தம் பூரா எம் பயறுல ஏறுது நீலா."

"உங்க பயறு வாசனையும்தான் எங் கொழம்புல ஏறுது. நான் ஏதாச்சும் சொன்னனா?"

குக்கர் இரண்டாவது விசில் விட்டது. அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.